மறதி மாத்திரை சாப்பிடும் மாமியார் மயங்கி விழுந்தார்: மாத்திரையை நாமே நிறுத்தலாமா?

திருவட்டார் மருமகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு வயது 74. திருவட்டாருக்குப் பக்கத்தில் நானும் அவரும் என் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியாருக்குப் பதினைந்து ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. அதற்கு அட்டெனலால் 50 மி.கி. காலையில் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார்.

ஒன்பது மாதங்களுக்கு முன்பு, அடுப்பில் கஞ்சிப் பானையை வைத்ததையும் மறந்து, பக்கத்து வீட்டுக்குப் போன வழியையும் மறந்து நின்றபோதுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம். திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். அல்சைமர் நோயின் தொடக்கம் என்று சொல்லி, டொனெபெசில் 5 மி.கி. இரவில் கொடுக்கச் சொன்னார்; ஆறு வாரம் கழித்து அதை 10 மி.கி. ஆக்கினார். அதன் பிறகு பேச்சிலும் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்தது என்பது உண்மை. ஆனால் இரவில் பயங்கரக் கனவு கண்டு எழுந்து உட்காருகிறார், காலைக் கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுகிறார், எடையும் குறைந்திருக்கிறது.

மூன்று மாதங்களுக்கு முன்பு சிறுநீரை அடக்க முடியாமல் போய்விட்டது. அதற்கு வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது ஆக்சிபியூட்டினின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மறதிக்கு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. போன வாரம் சளி பிடித்ததால் மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் அடுக்களைப் படியிலிருந்து இறங்கும்போது கண் இருட்டி அப்படியே சரிந்து விழுந்தார். ஒரு நிமிடத்தில் நினைவு திரும்பிவிட்டது. அடி பெரிதாக இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் முன்பைவிடக் குழம்பிப் பேசுகிறார்.

கணவர் தொலைபேசியில், எல்லா மாத்திரைகளையும் உடனே நிறுத்து என்கிறார். நாத்தனாரோ, மறதி கூடிவிட்டது, எனவே மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்கிறார். நடுவில் நிற்பவள் நான். விழுந்ததற்கு இந்த மாத்திரை காரணமாக இருக்குமா? நானே நிறுத்தலாமா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: சாப்பிட்டேனா இல்லையா என்று அவருக்கும் நினைவில்லை, சில நாள் எனக்கும் நினைவில்லை. போன மாதம் ஒரு நாள் இரண்டு தடவை கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், நாகர்கோவில்

அம்மா, முதலில் ஒன்றைச் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். அவருடைய நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். துடிப்பு சீராக இல்லாதவருக்கு அது தவறான கணக்கைத் தரும். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவி இருந்தால், மேலே இரண்டு எண்களுக்குக் கீழே மூன்றாவதாகத் தெரிவதுதான் நாடித்துடிப்பு. அது 50க்குக் கீழே இருந்தாலும் சரி, இருக்காவிட்டாலும் சரி, மறதி மாத்திரையும் அட்டெனலாலும் சேர்த்துச் சாப்பிடும் ஒருவர் நினைவிழந்து விழுந்தார் என்றால் இன்றைக்கே மருத்துவரைப் பார்த்து இசிஜி எடுத்தாக வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இசிஜி எடுக்கும் வசதியுள்ள வேறு மருத்துவமனையும் போதும். மறுபடி மயங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழைத்துவிடுங்கள். விழும்போது தலையில் பட்டதா என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். விழுந்த பிறகு குழப்பம் கூடினால், மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி காரணத்துக்கு வருவோம். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லப் பயன்படும் பொருள்களில் அசிட்டைல்கோலின் ஒன்று. அல்சைமர் நோயில் அது குறைந்துபோகிறது. அதைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கிற கொஞ்சத்தைக் கூடுதல் நேரம் நிலைக்கச் செய்வதுதான் டொனெபெசிலின் வேலை. ஆனால் அந்தப் பொருள் மூளையில் மட்டும் இல்லை. இதயத்திலும் வயிற்றிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் அதே பொருள் வேலை செய்கிறது. இதயத்தில் அது துடிப்பை மெதுவாக்கும், வயிற்றில் குமட்டலும் பேதியும் உண்டாக்கும், நுரையீரலில் மூச்சுக்குழாயைச் சுருக்கும் (ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை யோசித்துக் கொடுப்பது அதனால்தான்), சிறுநீர்ப்பையில் அவசரத்தைக் கூட்டும். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளை இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பசியின்மை, எடைக் குறைவு, சிறுநீர் அவசரம் எல்லாம் இங்கிருந்தே வரக்கூடியவை. தெளிவான பயங்கரக் கனவும் இந்த மாத்திரை தரும் தொல்லைகளில் ஒன்றுதான்.

அட்டெனலாலும் துடிப்பை மெதுவாக்கும் மருந்து. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; முதுமையில் சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதன் மீது டொனெபெசிலும் சேர்ந்தால், இரண்டு பேரும் ஒரே கயிற்றை ஒரே பக்கம் இழுப்பது போல ஆகிவிடுகிறது. மெட்டோபிரலால், டில்டியாசம், வெராபமில், டிகாக்சின் ஆகிய இதய, இரத்த அழுத்த மருந்துகளோடும் இதே கவனம் தேவை. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட இரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என்னை அதிகம் வருத்துவது ஆக்சிபியூட்டினின். நாற்பது ஆண்டு மருந்துச் சீட்டுகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தவறு எங்கும் நடக்கிறது. டொனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது. ஆக்சிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலின் வேலை செய்யவிடாமல் வாசலை அடைக்கிறது. ஒரு கையால் விளக்கை ஏற்றி மறு கையால் ஊதி அணைப்பதைப் போன்றது இது. முதல் மாத்திரையின் பக்கவிளைவை ஒரு புது நோய் என்று நினைத்து, அதற்கு இரண்டாவது மாத்திரை எழுதப்படுகிறது. அந்த இரண்டாவது மாத்திரை குழப்பத்தைக் கூட்டுகிறது. குழப்பத்தைப் பார்த்து, மறதி முற்றிவிட்டது, முதல் மாத்திரையைக் கூட்டு என்கிறார்கள். உங்கள் நாத்தனார் சொல்வது அன்பினால்தான். ஆனால் அவர் சொல்லும் வழியில் போனால் இந்தச் சுழல் இன்னொரு சுற்று சுற்றும்.

கடையில் வாங்கிய சளி மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் என்று ஏதேனும் இருந்தால் அதுவும் அதே வாசலை அடைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. தூக்கத்துக்காகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், அரிப்புக்குக் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிசின், வயிற்று வலிக்கு வாங்கும் டைசைக்ளோமின், நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் அந்தக் கூட்டம்தான். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அவர் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். டொனெபெசில் வயிற்றில் அமிலத்தைக் கூட்டக்கூடியது, அதனுடன் இவையும் சேர்ந்தால் குடற்புண்ணில் இரத்தம் கசியலாம். மலம் கறுத்துப் போனால் காத்திருக்கக்கூடாது.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் நிறுத்து என்று உங்கள் கணவர் சொன்னதில் பெரிய ஆபத்து டொனெபெசிலில் இல்லை, அட்டெனலாலில் இருக்கிறது. பல ஆண்டுகள் சாப்பிட்ட அட்டெனலாலைத் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறி நெஞ்சுவலி வரக்கூடும். அதை மருத்துவர்தான் இறக்க வேண்டும். டொனெபெசில் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே சுமார் 70 மணி நேரம் ஆகும். முழுவதும் வடிந்துபோக ஏறக்குறைய இரண்டு வாரம். ஆகவே இன்று இரவு மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரு வேளை தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் ஒரு வேளை விட்டதால் நாளைக்கே துடிப்பு சரியாகிவிடும் என்று நம்பி வீட்டில் இருந்துவிடவும் கூடாது.

மறந்த வேளைக்கும் இதே கணக்குத்தான். ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும் கொடுங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால், கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய 10 மி.கி. அளவிலிருந்து தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றச் சொல்லக்கூடும். தவறிப்போய் இரண்டு மடங்கு உள்ளே போனால், வாந்தி, எச்சில் ஊறுதல், வியர்வை, துடிப்பு குறைதல், தசைத் தளர்ச்சி ஆகியவை தென்படுகின்றனவா என்று பார்த்து, தென்பட்டால் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், சொட்டு மருந்தையும், டானிக்கையும், கடையில் வாங்கியதையும் ஒரே பையில் போட்டு அப்படியே மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவராவது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இதுவரை உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

குளச்சல் வாசகி

மேலே ஐயா எழுதியிருப்பதற்கு மேல் மருந்து பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் மறதி நோயாளியைப் பார்த்துக்கொண்ட வீட்டில் தவறு எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவள் நான்.

என் மாமனாருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் குமட்டியதால், ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து தடவிய ஒட்டுப்பட்டையை மருத்துவர் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒன்று. 24 மணி நேரம் கழித்துப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வேறிடத்தில் ஒட்ட வேண்டும். பகலில் நானும் இரவில் கொழுந்தனாரும் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் காலையில் நான் முதுகில் ஒன்று ஒட்டினேன். தோளில் முந்தைய நாள் கொழுந்தனார் ஒட்டியது சட்டைக்கு உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. அன்று மாலையில் தொடங்கிய வாந்தி நடு இரவு வரை நிற்கவில்லை, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மருத்துவமனையில் சட்டையைக் கழற்றிய செவிலியர்தான் இரண்டு பட்டைகளையும் கண்டுபிடித்து இரண்டையும் உரித்து எடுத்தார். அன்று அவர் பிழைத்தது எங்கள் நல்ல காலம்.

அதன் பிறகு நாங்கள் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன். முதலில் பழையதைத் தேடி எடுக்காமல் புதிய உறையைக் கிழிப்பதே இல்லை. பட்டையின் மேல் பேனாவால் தேதி எழுதுவோம். அவர் கை எட்டாத மேல்முதுகில்தான் ஒட்டுவோம், இல்லாவிட்டால் அவரே பிய்த்துவிடுவார். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மறுபடி ஒட்டக்கூடாது என்பதால் முதுகின் படத்தை வரைந்து கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். நம் ஊரில் பெரியவர்கள் எண்ணெய் தேய்க்காமல் குளிக்கமாட்டார்கள். எண்ணெய்ப் பசை உள்ள தோலில் பட்டை நிற்காது, ஆகையால் அந்த இடத்தை மட்டும் விட்டுத் தேய்ப்போம். எடுத்த பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும், அதனால் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் போடுவோம். கையைக் கழுவும்வரை கண்ணைத் தொடமாட்டோம். மூன்று நாளுக்கு மேல் பட்டை ஒட்டாமல் விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவில் தொடங்கக்கூடாது என்பதையும் எங்களுக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள்.

மாத்திரைக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழமை எழுதிய ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். அறை காலியாக இருந்தால் கொடுத்தாகிவிட்டது; நினைவைக் கேட்க வேண்டியதில்லை. மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். என் மாமனார் நாக்கின் கீழ் ஒளித்துவைத்துப் பிறகு தென்னை மூட்டில் துப்பியதை நான் நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

இரணியல் விவசாயி

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் தந்தைக்கும் டொனெபெசில் 5 மி.கி. கொடுக்கிறோம். உடம்பு நன்றாகவே இருக்கிறது. வாழைக்கு மருந்து அடிக்கும் நாளில் வீட்டில் இருக்கமாட்டேன் என்று பிடிவாதமாக என்னோடு வந்து கலக்கிக் கொடுக்கிறார். இதில் ஏதேனும் கேடு உண்டா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், நாகர்கோவில்

உண்டு, தம்பி. நல்ல வேளையாகக் கேட்டீர்கள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் தடுப்பதும் இதே நொதியைத்தான். டொனெபெசில் அளவோடு மென்மையாகச் செய்வதை அவை முரட்டுத்தனமாகச் செய்கின்றன. இரண்டும் ஒருவர் உடம்பில் சேர வேண்டாம். கலக்குவதும் அடிப்பதும் தெளித்த தோட்டத்துக்குள் அன்றே நடப்பதும் அவருக்கு வேண்டாம். மறதி உள்ளவர் இருக்கிற வீட்டில் பூச்சிமருந்துப் புட்டியைப் பூட்டிவைப்பது இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

வெற்றிலை பாக்கைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற சத்தும் அசிட்டைல்கோலினைப் போலவே நரம்பைத் தூண்டுவது. நாள் முழுவதும் பாக்கு மெல்லும் பழக்கம் உள்ள முதியவருக்கு இந்த மாத்திரை தொடங்கும்போது, அந்தப் பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாக்கைப் பற்றி அவராகக் கேட்கமாட்டார்.

திருவட்டார் மருமகள்

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். நாடியை எண்ணிப் பார்த்தேன், 44 இருந்தது. ஐயா எழுதியதைப் படித்த அரை மணி நேரத்தில் ஆட்டோ பிடித்துவிட்டோம். இசிஜியில் துடிப்பு மிகவும் மெதுவாக இருப்பதாகச் சொல்லி மூன்று நாள் படுக்கையில் வைத்துக் கண்காணித்தார்கள். தலையில் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மருந்துப் பையை நீங்கள் சொன்னபடியே மேசையில் கொட்டினேன். அந்த மருத்துவர் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, பதினொன்று என்று எண்ணிச் சொன்னார். பதினொன்று இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஆக்சிபியூட்டினினையும் சளி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அட்டெனலாலைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அம்லோடிபின் என்ற வேறொரு இரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கினார். டொனெபெசிலைச் சில நாள் நிறுத்திவைத்து, துடிப்பு 60க்கு மேல் வந்த பிறகு, திருவனந்தபுரம் மருத்துவரிடம் பேசி, 5 மி.கி. மட்டும், இரவுக்குப் பதிலாகக் காலையில் கொடுக்கச் சொன்னார். பயங்கரக் கனவு நின்றுவிட்டது. சிறுநீர் அவசரம் முழுவதும் போகவில்லை, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே கூட்டிப்போவதால் சமாளிக்க முடிகிறது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் அப்படி ஆகும் என்று சொல்லி ஊசி போடுகிறார்கள்.

இப்போது வேறொரு சிக்கல். கணவர் இணையத்தில் படித்துவிட்டு, மெமன்டைன் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது, அங்கிருந்தே வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். நாத்தனார் வல்லாரை சேர்ந்த லேகியம் ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். எனக்கு மனத்தில் இருக்கும் கேள்வி இவை இரண்டையும்விட எளியது: இந்த டொனெபெசில் உண்மையிலேயே பயன் தருகிறதா? எதுவரை கொடுக்க வேண்டும்?

முதியோர் மருத்துவப் பிரிவு மருத்துவர்

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதை வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு. டொனெபெசில் நோயைக் குணப்படுத்தாது, நோய் உள்ளே வளர்வதையும் நிறுத்தாது. சிலருக்குக் கவனமும் பேச்சும் கொஞ்சம் தெளியும். பலருக்குச் சில காலம் இருக்கிற நிலை அப்படியே நிற்கும். சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பயன் சிறியது என்பதே உண்மை. சிறியது என்பதனால் அற்பமானது என்று நான் சொல்லமாட்டேன். தானாகச் சேலை கட்டிக்கொள்வதும் பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைப்பதும் ஓர் ஆண்டு கூடுதலாக நீடித்தால், அந்த வீட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சிறிய பயனுக்காக அவர் சாப்பிடாமல் மெலிவதும் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் நடந்தால், கணக்கு தலைகீழாகிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு நோட்டில் அவர் தானாகச் செய்யும் நான்கைந்து வேலைகளை எழுதிவைத்து, மாதம் ஒருமுறை எதுவரை செய்கிறார் என்று குறியுங்கள். கூடவே எடை, நாடி, விழுந்த நாள்கள். அந்த நோட்டு மருத்துவருக்கு, மறதி எப்படி இருக்கிறது என்று கேட்டு நீங்கள் சொல்லும் பதிலைவிட அதிகம் சொல்லும். பயன் இல்லை, தொல்லைதான் இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைத்து, சில வாரம் பார்த்து, பிறகு நிறுத்துவார். நிறுத்திய பின் நிலை சட்டென்று சரிந்தால் மறுபடி தொடங்குவதும் உண்டு. நோய் முற்றிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்துவதில்லை.

மெமன்டைன் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து. குளுட்டமேட் என்ற பொருள் நரம்பை மிகையாகத் தூண்டுவதை மட்டுப்படுத்துவது. நோய் நடுநிலையிலிருந்து முற்றிய நிலைக்குப் போகும்போதுதான் அது பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. நாளொன்றுக்கு 5 மி.கி. என்று தொடங்கி, வாரம் ஒருமுறை 5 மி.கி. கூட்டி, நாளொன்றுக்கு 20 மி.கி. வரை போவது வழக்கம். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 74 வயதுக்காரருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் தொடங்கக்கூடாது; சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் 20க்குப் பதில் 10 மி.கி. தான் மேலெல்லை. இருமல் மருந்துகள் பலவற்றில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அதனுடன் சேரக்கூடாத பொருள்களில் ஒன்று. உங்கள் கணவரிடம் அன்போடு சொல்லுங்கள்: அவர் அனுப்பும் மருந்து பன்னிரண்டாவது அட்டையாகிவிடும். தொலைவில் இருக்கும் மகனுக்குத் தாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருப்பது இயல்பு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரைக் காணொலி அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தவிப்புக்கு அதுதான் சரியான இடம்.

லேகியத்தைப் பற்றி. நம் மாவட்டத்தில் நாட்டு வைத்தியத்துக்கு ஆழமான வேர் உண்டு. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் லேகியம் என்றால் வெல்லமோ சர்க்கரையோ பாதி. உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. டப்பாவில் வல்லாரை தவிர என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கொடுக்கத்தான் வேண்டும் என்று நாத்தனார் விரும்பினால், கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த டப்பாவையும் இப்போதைய மருந்துச் சீட்டையும் சேர்த்துக் காட்டிக் கேளுங்கள். துடிப்பு இப்போதுதான் சீராகியிருக்கிறது, எனவே இந்த ஒரு மாதம் புதிதாக எதையும் சேர்க்காமல் இருந்தால், நல்லதோ கெட்டதோ எது எதனால் வந்தது என்று நமக்குத் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என்றாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் டொனெபெசில் சாப்பிடுகிறார் என்று நீங்களே சொல்லுங்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் போன்ற மருந்துகளின் வேகம் இதனால் கூடும். மருத்துவமனைப் பரபரப்பில் இந்தச் செய்தி எளிதில் விட்டுப்போகும்.

பி12 குறைவைக் கண்டுபிடித்தது நல்ல வேலை. மறதி என்றதும் தைராய்டு, பி12, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மறதி மாத்திரைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அவை சரிசெய்யக்கூடியவை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு நினைவாற்றல் கூட இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்ட பெற்றோரும் உண்டு. கூடவே கூடாது, இது அதற்கான மருந்து அல்ல.

திருவட்டார் மருமகள்

மருத்துவர் ஐயாவுக்கும், நாகர்கோவில் ஐயாவுக்கும், குளச்சல் அக்காவுக்கும் நன்றி. நேற்று இரவு மருத்துவர் எழுதியதைக் கணவருக்கும் நாத்தனாருக்கும் வாசித்துக் காட்டினேன். கணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த முறை எத்தனை மணிக்குப் போகிறீர்கள், நான் அழைப்பில் இருக்கிறேன் என்றார். லேகிய டப்பாவை நாத்தனாரே எடுத்துக்கொண்டு போனார், கோட்டாறில் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று.

ஒரு தாளில் இப்போது சாப்பிடும் ஐந்து மருந்துகளின் பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதியது என்பதை எழுதி, அதன் கீழே நிறுத்திய மருந்துகளையும் நிறுத்திய காரணத்தையும் எழுதி, அடுக்களைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஒரு படியை என் பணப்பையிலும், ஒரு படியை மாமியாரின் மருத்துவமனைப் பையிலும் வைத்திருக்கிறேன். மாத்திரைப் பெட்டி மார்த்தாண்டத்தில் கிடைத்தது. இன்று காலை நாடி 64. நேற்று மட்டிப்பழம் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.